வேகம் கிடக்கட்டும்... வளைவில் நிற்குமா?

சனிக்கிழமை மாலை. பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிகிறது. தொழிற்சாலை வாசல்களில் இருந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாகப் புறப்படுகின்றன. அவற்றில் சில நேராக வீட்டுக்குப் போவதில்லை. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மடிவாளா, எலெக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி என்று ஓசூர் சாலையைப் பிடிக்கின்றன. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று சொந்த ஊருக்குப் போகும் வண்டிகள் அவை. பின்னால் மனைவி, நடுவில் குழந்தை, பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு பை.

இந்தக் கூட்டத்தில் புது வண்டிகளுக்கு நடுவே பழைய வண்டிகளும் தலை காட்டுகின்றன. ஒரு புல்லட், ஒரு எஸ்டி, இரண்டு மூன்று யமஹா ஆர்.எக்ஸ். 100. எப்போதாவது ஒரு ராஜ்தூத் 350. எல்லாம் ஒரு காலத்தில் இளைஞர்கள் வாயைப் பிளந்து பார்த்த வண்டிகள். அப்போது வாங்க முடியாதவர்கள் இப்போது பழசாக வாங்கி ஆசையைத் தீர்த்துக் கொள்கிறார்கள்.

விலையும் சும்மா இல்லை. நன்றாகப் பராமரித்த ஆர்.எக்ஸ். 100 ஒன்றுக்கு லட்சம் ரூபாய்க்கு மேல் பேரம் நடக்கிறது. புதிதாக விற்றபோது இருந்த விலையைப் போலப் பல மடங்கு!

இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்குகிறார்? ஆர்.சி. புத்தகம் சரியா என்று பார்க்கிறார். எஞ்சினை முடுக்கிச் சத்தம் கேட்கிறார். டாங்கின் பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார். அவ்வளவுதான். முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை ஆட்டிப் பார்க்கிறவர் பத்துப் பேரில் ஒருவர் கூட இல்லை.

வண்டியை ஓட வைப்பது எஞ்சின். அதைத் திருப்புவதும், பள்ளத்தில் விழுந்து எழும்போது தரையை விடாமல் பிடித்துக் கொள்வதும், நிறுத்தும்போது நேராக நிற்க வைப்பதும் எஞ்சின் அல்ல. முன் ஃபோர்க், பின் ஷாக் அப்சார்பர், சட்டம், டயர், பிரேக் ஆகியவைதான். மூன்று பேருடன் தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறவருக்கு இதில்தான் உயிர் இருக்கிறது.

சாய்வில் இருக்கிறது சூட்சுமம்

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. சற்றுச் சாய்ந்து நிற்கும். ஹேண்டில் திரும்பும் தண்டின் நடுவே ஒரு கோடு கிழித்து, அதைத் தரை வரை நீட்டினால் அந்தக் கோடு டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். இரண்டு இடங்களுக்கும் நடுவே சில அங்குல இடைவெளி இருக்கும்.

இந்தச் சில அங்குலம்தான் வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. இடைவெளி அதிகமானால் வண்டி நேராகப் போவதையே விரும்பும். திருப்புவதற்குக் கை வலிக்கும். குறைந்தால் விரலால் தொட்டாலே திரும்பும். ஆனால் வேகத்தில் படபடக்கும்.

இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள நீளமும் அப்படித்தான். நீள வண்டி நிதானம்; குட்டை வண்டி துறுதுறு. எடையும் சேர்ந்து கொள்கிறது. பழைய வண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடப்பதற்கு இதுதான் காரணம்.

யானை நடை

புல்லட்டில் இருந்து தொடங்கலாம். 1955-ல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து தலைமுறை தலைமுறையாக வந்த வண்டி. பந்தய வண்டி என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மற்ற வண்டிகளை அளந்து பார்க்க அதுதான் படிக்கல்.

பழைய புல்லட் 350-ன் எடை 160 கிலோவுக்கு மேல். இரு சக்கரங்களுக்கும் நடுவே 1,370 மில்லி மீட்டர், அதாவது நாலரை அடி. சக்கரங்கள் 19 அங்குலம். பெரிய சக்கரம் என்பதால் சின்னப் பள்ளங்களில் முழுவதும் இறங்காமல் மேலே உருண்டு போய்விடும். பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போனாலும் காற்றுக்கு அசைவதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தாலும் ஒருவர் உட்கார்ந்தாலும் நடை அதிகம் மாறுவதில்லை.

கழுத்து மட்டும் திரும்பாது! சிவாஜி நகர்ச் சந்துகளில் ஆட்டோ ரிக்ஷாக்களுக்கு நடுவே புல்லட்டை வளைத்து ஓட்டுகிறவர் வீட்டுக்குப் போய்த் தோளுக்குத் தைலம் தேய்த்துக் கொள்ள வேண்டியதுதான். பழைய புல்லட்டின் டிரம் பிரேக்கும் அந்த எடைக்குப் போதாது. முன்கூட்டியே யோசித்துப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து உண்டு. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளில் நேர் எதிர். தினமும் வேறு வண்டி ஓட்டுகிறவர் நண்பரின் பழைய புல்லட்டை ஒருநாள் வாங்கிக்கொண்டு போனால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். வண்டி நிற்காது. முதல் நாள் காலியான சாலையில் பழகிவிட்டுத்தான் போக வேண்டும்.

மைசூர் மாப்பிள்ளை

கர்நாடகத்துத் தமிழர்களுக்கு எஸ்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டியை மைசூரில் தயாரிக்க 1960-ல் ஐடியல் ஜாவா நிறுவனம் தொடங்கப்பட்டது. 1970-களில் ஜாவா என்ற பெயர் எஸ்டி என்று மாறியது. 1978-ல் ரோடுகிங் வந்தது. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஜாவா பெயரில் 2018-லும், எஸ்டி பெயரில் 2022-லும் புது வண்டிகள் மறுபடி வந்திருக்கின்றன. ஆனால் அவை வேறு எஞ்சின், வேறு சட்டம், பெயர்தான் பழையது.

மைசூர் எஸ்டிக்கு இரண்டு பக்கமும் சைலன்சர். டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 250 சி.சி. உதைத்து ஸ்டார்ட் செய்யும் லீவரையே மடக்கித் தள்ளினால் அதுவே கியர் லீவர். இந்த வித்தையைப் பார்க்கவே அந்தக் காலத்தில் கூட்டம் கூடும்.

எஸ்டியின் பலம் அதன் சட்டம். புல்லட்டை விட எடை குறைவு, ஆனால் ஆர்.எக்ஸ். போல லேசும் அல்ல. நேர் சாலையில் பிடித்த பிடியில் போகும். மண் சாலைக்கும் அஞ்சாது. ராலிப் போட்டிகளில் எஸ்டி பெயர் வாங்கியது அதனால்தான். வளைவில் சாய்த்தால் மெதுவாகச் சாயும். சாய்ந்தபின் அதே கோட்டில் போகும். நடுவில் ஒரு பள்ளம் வந்தாலும் கோடு மாறாது. புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய தைரியம்.

சொகுசு மட்டும் கேட்கக் கூடாது. முதுகு சொல்லும்.

ஜப்பான் புயல்

1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350-ஐக் கொண்டு வந்தபோது இந்தியச் சாலைகளில் அப்படி ஒரு வண்டி இல்லை. ஜப்பானில் யமஹா தயாரித்த ஆர்.டி. 350 தான் அது. இரட்டை சிலிண்டர், 347 சி.சி., ஆறு கியர். முதலில் வந்த வகைக்கு 30.5 குதிரைசக்தி. பிறகு பெட்ரோல் செலவைக் குறைக்க 27 குதிரைசக்தியில் இன்னொரு வகை வந்தது. 1980-களின் இறுதியோடு கதை முடிந்தது. பெட்ரோல் கணக்குப் பார்க்கிற நாட்டில் அது எத்தனை நாள் தாங்கும்?

பந்தய வண்டிகளைத் தயாரித்த அனுபவத்தில் பிறந்த சட்டம் அது. எஞ்சினை இரண்டு குழாய்கள் கீழே இருந்து தொட்டில் போலத் தாங்கிப் பிடிக்கின்றன. சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1,320 மில்லி மீட்டர். புல்லட்டை விட இரண்டு அங்குலம் குட்டை, எடையும் குறைவு. வளைவில் நினைத்த இடத்தில் சாயும், நினைத்த இடத்தில் நிமிரும். இந்தப் பட்டியலில் "ஸ்போர்ட்ஸ் வண்டி" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லத் தகுதி உள்ளது இது ஒன்றுதான்.

ஆனால் ஒன்று! அமெரிக்காவில் 1970-களில் விற்ற ஆர்.டி. 350-க்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இந்தியாவில் வந்த ராஜ்தூத்துக்கு டிரம் பிரேக்தான். ஓடும் சக்தி ஒரு படி, நிறுத்தும் சக்தி அரைப் படி. அந்த வண்டியைப் பற்றி அந்தக் காலத்தில் வந்த விபத்துக் கதைகளில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கும்.

இன்னொரு குணமும் உண்டு. எஞ்சின் கீழ் வேகத்தில் பூனை மாதிரி இருக்கும். சுழற்சி ஏறி ஒரு கட்டத்தைத் தாண்டியதும் திடீரென்று பாயும். வளைவில் சாய்ந்திருக்கும்போது அந்தப் பாய்ச்சல் வந்தால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டிலில் கனம் இல்லாமல் போகும். பழகியவர் வளைவை முடித்து நிமிர்ந்த பிறகுதான் ஆக்சிலேட்டரைத் திருகுவார். பழகாதவர் நடுவளைவில் திருகிவிட்டு ஆஸ்பத்திரியில் கண் விழிப்பார்.

வெட்டுக்கிளி

1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100-ன் கதை வேறு. 98 சி.சி., 11 குதிரைசக்தி, எடை சுமார் 100 கிலோ. சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1,240 மில்லி மீட்டர்தான். கிளப்பினால் வெட்டுக்கிளி போல் தாவும். 1996 வரை தயாரித்தார்கள். புகைக் கட்டுப்பாடு இறுகியதும் நின்றுபோனது.

பெங்களூர் மாதிரி நெரிசல் ஊருக்கு அதைப் போல ஒரு வண்டி கிடையாது. அரை அடி இடைவெளி கிடைத்தால் நுழைந்து வெளியே வந்துவிடும். சில்க் போர்டு சந்திப்பில் மற்றவர்கள் கியர் மாற்றுவதற்குள் ஆர்.எக்ஸ். காரர் பொம்மனஹள்ளியில் டீ குடித்துக் கொண்டிருப்பார்.

நெடுஞ்சாலையில் இதே குணம் எதிரியாகிறது. லேசான உடம்பு, மெல்லிய டயர், குட்டை நீளம். எதிரே வரும் பஸ்ஸின் காற்று தள்ளும். ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டும்வரை சமாளிக்கும். பின்னால் ஒருவரும், அவர் மடியில் மூட்டையும் ஏறினால் கனம் முழுவதும் பின்னால் போய்விடும். பின் ஸ்பிரிங் அமுங்கும். முன்பக்கம் தூக்கும். ஹேண்டில் லேசாகி எழுபது கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் முன்சக்கரம் தடுமாற ஆரம்பிக்கும்.

அப்படி ஹேண்டில் உதறினால் என்ன செய்ய வேண்டும்? பயத்தில் முன் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டவும் கூடாது. கையின் நடுக்கமும் சேர்ந்து உதறல் அதிகமாகும். முழங்காலால் டாங்கை அணைத்து, உடம்பைச் சற்று முன்னால் கொண்டு வந்து, ஆக்சிலேட்டரை மெதுவாக விட வேண்டும். வேகம் குறைந்ததும் உதறல் தானாக அடங்கும். பிறகு ஓரமாக நிறுத்தி மூட்டையை இடம் மாற்ற வேண்டும்.

குடும்பத்தோடு ஓசூர் சாலையில் போகிறவருக்குப் புல்லட்டோ எஸ்டியோதான் ஏற்றது. ஆர்.எக்ஸ். ஊருக்குள் தனி ஆளுக்கு. ராஜ்தூத் 350 கைப்பழக்கம் உள்ளவருக்கு மட்டும்; அவரும் பிரேக் ஷூவைப் புதிதாகப் போட்ட பிறகு. ஆர்.எக்ஸ். ரசிகர்களுக்கு இது கோபத்தை வரவழைக்கும். வரட்டும்.

கணவாயில் ஒரு கண்டம்

தர்மபுரி தாண்டிச் சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. பிரேக் பிடிக்காத லாரிகளால் அடிக்கடி செய்தியில் அடிபடும் இறக்கம். டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் அங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும்.

புல்லட் போன்ற நாலு ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த இழுவை மிகக் குறைவு. வண்டி பாட்டுக்கு உருண்டு ஓடும். முழுப் பாரமும் பிரேக் ஷூவின் மேல் விழும். டிரம் சூடேறினால் பிரேக்கின் பிடி குறையும்.

இதை விடப் பெரிய ஆபத்து எண்ணெய். பழைய ஜாவா, எஸ்டி வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுவார்கள். ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் போவது குறையும். அதோடு எண்ணெயும் குறையும். சக்கரமோ இறக்கத்தில் எஞ்சினை வேகமாகச் சுழற்றிக் கொண்டிருக்கும். எண்ணெய் இல்லாமல் சுழன்று சுழன்று பிஸ்டன் பிடித்துக் கொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக் கொள்ளும். ஆர்.எக்ஸ்., ராஜ்தூத் வண்டிகளில் எண்ணெய்க்குத் தனிப் பம்பு உண்டு. அதுவும் ஆக்சிலேட்டரோடு இணைந்ததுதான்.

அதனால்தான் அனுபவசாலிகள் நீண்ட இறக்கத்தில் இடையிடையே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி விடுகிறார்கள். இரண்டு விரல் கிளச்சின் மேல் தயாராக இருக்கும். எஞ்சின் இறுகுகிற மாதிரி தோன்றிய நொடியில் கிளச்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் விடுதலையாகிவிடும்.

மழை நாளில் டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் போனால் முதல் பிடியில் ஒன்றும் நடக்காது. தண்ணீரில் இறங்கி ஏறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வைக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிள்களில் சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். பழைய வண்டியில் அந்த வேலையை ஓட்டுகிறவரின் கையும் காலும்தான் செய்ய வேண்டும்.

சோழவரம் சொன்ன பாடம்

இந்த வண்டிகளின் நடையெல்லாம் ஒரு காலத்தில் சோழவரத்தில் ஊரறியப் பரீட்சை செய்யப்பட்டது. சென்னைக்கு வடக்கே, இரண்டாவது உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. வருடந்தோறும் பந்தயம் நடக்கும். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது.

விமான ஓடுதளம் என்றால் நீண்ட நேர்கோடு. அதன் முடிவில் சட்டென்று திருப்பம். நேர்கோட்டில் குதிரைசக்தி உள்ள வண்டி முந்தும். திருப்பத்தில் பிரேக்கும் ஃபோர்க்கும் சரியாக உள்ள வண்டி உள்ளே புகுந்து அதைப் பிடித்துவிடும். அதனால் பந்தயத்துக்கு வண்டி தயாரிக்கிறவர்கள் எஞ்சினோடு நிற்பதில்லை. ஃபோர்க் எண்ணெயின் கெட்டித்தனத்தை மாற்றுவார்கள், ஸ்பிரிங்கை மாற்றுவார்கள், டயரை மாற்றுவார்கள்.

ஸ்பிரிங் வேறு, எண்ணெய் வேறு

ஃபோர்க்குக்குள் இருப்பது இரண்டு பேர். ஒருவர் ஸ்பிரிங், பள்ளத்தில் அமுங்கி அடியை வாங்கிக் கொள்கிறார். இன்னொருவர் எண்ணெய், சின்னத் துவாரம் வழியாகப் பிதுங்கிப் போய், ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குகிறார். எண்ணெய் இல்லாவிட்டால் ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் தரையை விட்டுவிட்டுத் தொடும். தரையில் இல்லாத சக்கரம் திரும்பவும் செய்யாது, நிற்கவும் செய்யாது.

எஞ்சின் ஆயிலை மறக்காமல் மாற்றுகிறவர்கள் கூட ஃபோர்க் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். பத்து வருடம் ஒரே எண்ணெயில் ஓடிய வண்டிகள் உண்டு. வடித்துப் பார்த்தால் சாக்கடைத் தண்ணீர் மாதிரி வரும்.

பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும். இரண்டு பேர் போகும்போது இறுக்குவதும், தனியாகப் போகும்போது தளர்த்துவதும் நல்ல பழக்கம். ஆனால் எண்ணெய் கசிந்து செத்துப்போன ஷாக் அப்சார்பரை இப்படி இறுக்கி உயிர்ப்பிக்க முடியாது. துள்ளல்தான் கூடும்.

இப்போது ஒரு மோகம் பரவியிருக்கிறது. வேறு வண்டியின் நீளமான ஷாக் அப்சார்பரை ஆர்.எக்ஸ்.ஸில் மாட்டி, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் நிமிரும். மேலே சொன்ன அந்தச் சில அங்குலம் குறையும். ஏற்கனவே துறுதுறுப்பான வண்டி இன்னும் படபடக்கும். ஒல்லி ரிம்மில் அகலமான டயரைத் திணிப்பதும் அப்படித்தான். டயரின் வளைவு கெட்டு, சாய்த்தால் ஒரு கட்டத்தில் திடுக்கென்று விழுகிற மாதிரி சாயும்.

2008-ல் வந்த யமஹா ஆர். 15 போன்ற புது வண்டிகளில் பின்னால் ஒரே ஷாக் அப்சார்பர். சட்டமும் முறுக்கு விழாத பட்டைச் சட்டம். 150 சி.சி.யில் வளைவில் அது காட்டும் நிதானம் பழைய வண்டி எதிலும் கிடையாது. பழைய வண்டிப் பிரியர்களும் இதை ஒப்புக் கொள்கிறார்கள்; மெதுவான குரலில்!

பட்டறையில் ஒரு சனிக்கிழமை

சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. மெக்கானிக்குக்கு வயது அறுபதுக்கு மேல், வட ஆற்காட்டுக்காரர். ஒரு தனியார் கம்பெனி கிளார்க், ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய ஆர்.எக்ஸ். 100-ஐத் தள்ளிக்கொண்டு வருகிறார்.

"அண்ணே, அறுபதுல போனா பின்னாடி வாலை ஆட்டுது. எஞ்சின் மவுண்டிங்கா இருக்குமோ?"

"எஞ்சினை விடு தம்பி. சென்டர் ஸ்டாண்டு போடு."

மெக்கானிக் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுகிறார். சக்கரம் மட்டும் அசையவில்லை. சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மே அசைகிறது.

"பார்த்தியா? புஷ் போயிடுச்சு. பின்சக்கரம் ஒரு ரோட்டுல போவுது, முன்சக்கரம் ஒரு ரோட்டுல போவுது. இதுல வீட்டுக்காரம்மாவை வேற கூட்டிக்கிட்டுப் போறே."

"வாங்கும்போது எஞ்சின் நல்லா இருந்துச்சுண்ணே..."

"எஞ்சின் இப்பவும் நல்லாத்தான் இருக்கு. யார் இல்லேன்னா?"

முன்பக்கத்தையும் அவர் விடவில்லை. முன்சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுகிறார். "டக்... டக்..." என்று ஓசை வந்தால் கோன் செட் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புகிறார். நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி சிக்கினால் கோன் செட்டின் கிண்ணத்தில் குண்டுகள் குழி பறித்துவிட்டன. மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிறகு வண்டியைத் தரையில் விட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை ஒரு அமுக்கு அமுக்கி விடுகிறார். ஒரு முறை எழுந்து அடங்கினால் எண்ணெய் வேலை செய்கிறது. இரண்டு மூன்று முறை குதித்தால் இல்லை. ஃபோர்க் குழாயில் விரலால் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று தெரியும். குழாயில் துருப்புள்ளி இருந்தால் எத்தனை புது ஆயில் சீல் போட்டாலும் அது அறுத்துவிடும்.

ஸ்போக்ஸ் கம்பிகளைச் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். இறுக்கமான கம்பி "டிங்" என்கிறது. தளர்ந்தது "தொட்" என்கிறது. இரண்டு சக்கரங்களின் ஓரமாக ஒரு நூலை இழுத்துப் பிடித்து நேர்கோடு பார்க்கிறார். ரூபாய் செலவில்லாத சோதனை.

கடைசியில் டயர். பட்டன் தேயாமல் புதிது போல இருக்கிறது. மெக்கானிக் பக்கவாட்டில் குனிந்து நான்கு எண்களைப் படிக்கிறார்: 2312. அதாவது 2012-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர்! நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை; கல்லாகிவிட்டது.

"இது டயர் இல்லே தம்பி, வளையல்."

இரண்டு மணி நேரம் வேலை நடக்கிறது. ஸ்விங் ஆர்ம் புஷ் மாறுகிறது. ஃபோர்க்கில் புது எண்ணெய் இறங்குகிறது. டயருக்கு அடுத்த மாதச் சம்பளம் வர வேண்டும் என்கிறார் கிளார்க். மெக்கானிக் தலையை ஆட்டுகிறார். "அப்போ ஊருக்கும் அடுத்த மாசமே போ. இந்த வாரம் பஸ்ஸுல போயிட்டு வா."

கிளார்க் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். பிறகு செல்போனை எடுத்து மனைவிக்குச் சொல்கிறார். சாட்டிலைட் பஸ் நிலையத்துக்கு எட்டு மணிக்கு வந்துவிடச் சொல்கிறார்.

மெக்கானிக் கழற்றிய பழைய புஷ்ஷைத் துடைத்து அவர் கையில் கொடுக்கிறார். வட்டமாக இருக்க வேண்டிய துவாரம் முட்டை போல் நீண்டிருக்கிறது. கிளார்க் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக் கொள்கிறார்.